கைமாறாத கொடை: அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் கடைசிக் கணக்கு

வேப்பூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விலை பேசி முடிப்பார்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள், கடைசியில் ஆட்டின் கயிறு விற்றவர் கையிலிருந்து வாங்கியவர் கைக்குப் போகும். அதன் பிறகு அந்த ஆடு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் ஆட்டுக்கு இவ்வளவு தெளிவாக நடந்துகொள்ளும் நாம், பெற்ற பிள்ளைகளுக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் கொடுக்கும்போது மட்டும் கயிற்றை நம் கையிலேயே வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிடுகிறோம்.

ஹயாத்தோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து விடும் வழக்கம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்பிய அத்தா, மூத்தவனுக்குக் கடை வைக்க ஒரு தொகை, மகளுக்கு வீடு கட்ட ஒரு தொகை என்று பிரிக்கிறார். அதில் பாதி கொடுத்ததாகவும் பாதி கொடுக்கப் போவதாகவும் இருக்கும். அவர் மவ்த்தான நாற்பது நாளுக்குள் சகோதரர்கள் ஜமாஅத்தின் முன் வந்து நிற்கிறார்கள். எனக்குத் தருவதாக அத்தா சொன்னார் என்பார் ஒருவர். உனக்கு ஏற்கெனவே தந்ததைக் கழித்துக்கொள் என்பார் இன்னொருவர். இமாம்களாகிய எங்களுக்கு மிகவும் மனவேதனை தரும் அமர்வுகள் இவை.

இந்தச் சிக்கலைத் தம் சொந்த வீட்டில், தம் கடைசி நோயில், தாமே முன்வந்து தீர்த்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் இஸ்லாத்தின் முதல் கலீஃபா அபூபக்ர் ஸித்தீக் (ரலி). அவர்களுடைய வாழ்க்கையை வீரத்துக்காகவும் ஈமானுக்காகவும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பணம் அவர்கள் கையில் எப்படி வந்தது, எப்படிப் போனது என்ற ஒரே பார்வையில் இங்கு அதைப் பார்ப்போம்.

நாற்பதாயிரம் திர்ஹம்

அவர்களுடைய இயற்பெயர் அப்துல்லாஹ். தந்தை உஸ்மான், மக்கள் அழைத்த பெயர் அபூகுஹாஃபா. குறைஷிகளில் பனூ தைம் குலம். நபி (ஸல்) அவர்களைவிட இரண்டரை வயது போல இளையவர். தொழில் துணி வியாபாரம். நாணயமான வியாபாரி என்று மக்காவில் பெயர் எடுத்தவர்கள். கி.பி. 610இல் இஸ்லாத்தை ஏற்றபோது அவர்கள் கையில் 40,000 திர்ஹம் இருந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அந்தப் பணம் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கே போனது? கொதிக்கும் மணலில் போட்டு வதைக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்களை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி), ஸின்னீரா (ரலி), நஹ்திய்யா (ரலி), அவருடைய மகள் என்று, ஈமான் கொண்டதற்காக வதைபட்ட அடிமைகள் ஏழு பேரை மீட்டார்கள். அப்போது இன்னும் இஸ்லாத்தை ஏற்றிராத தந்தை அபூகுஹாஃபாவுக்கு இது பிடிக்கவில்லை. பலவீனமானவர்களை வாங்கி விடுவிக்கிறாயே, பலசாலிகளை விடுவித்தால் நாளை உனக்குத் துணை நிற்பார்களே என்று மகனுக்கு அறிவுரை சொன்னார். தாம் நாடுவது அல்லாஹ்வின் பொருத்தத்தை மட்டுமே என்று மகன் பதில் தந்தார். யாரிடமும் கைம்மாறு எதிர்பாராமல் தன் செல்வத்தைக் கொடுத்துத் தூய்மையடையும் இறையச்சமுடையவரைப் பற்றி ‘அல்லைல்’ அத்தியாயத்தின் இறுதியில் வரும் வசனங்கள் அவர்களைக் குறித்தே இறங்கின என்பது தஃப்ஸீர் அறிஞர்களின் கூற்று.

622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில் எஞ்சியிருந்தது ஐந்தாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹம். அதையும் பயணத் தேவைக்காகக் கையோடு எடுத்துச் சென்றார்கள். மறுநாள் கண் பார்வை இழந்த முதியவர் அபூகுஹாஃபா பேத்திகளைப் பார்க்க வந்தார். உங்கள் தந்தை தாமும் போய், பணத்தையும் கொண்டுபோய், உங்களை நிர்க்கதியாக விட்டுவிட்டாரே என்று வருந்தினார். மூத்த மகள் அஸ்மா (ரலி) பணம் வைக்கும் மாடத்தில் கூழாங்கற்களை அடுக்கி, மேலே துணியைப் போர்த்தி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். தடவிப் பார்த்த முதியவர் இவ்வளவு இருந்தால் போதும் என்று மனம் தேறிப் போனார். உண்மையில் அந்த வீட்டில் எதுவும் இல்லை. பாட்டனார் மனம் நோகக் கூடாது என்பதற்காக அஸ்மா செய்தது அது. இந்தப் பாட்டனார் இந்த வரலாற்றின் முடிவில் மீண்டும் வருவார்.

உறவினருக்குக் கொடுத்த கை

மதீனாவில் மீண்டும் வியாபாரம். மீண்டும் செல்வம் வந்தது. மதீனாவின் புறத்தே ஸுன்ஹ் பகுதியில் வாழ்ந்த அன்சாரித் தோழர் காரிஜா பின் ஸைத் (ரலி) அவர்களின் மகள் ஹபீபாவை மணந்துகொண்டார்கள். மகள் அஸ்மா ஸுபைர் (ரலி) அவர்களை மணந்து வறுமையில் வாழ்ந்தார். கணவரின் குதிரைக்குத் தீனி போடுவது முதல், பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவது வரை அவரே செய்தார். இதை அறிந்த தந்தை ஒரு பணியாளை அனுப்பி வைத்தார். தமக்கு விடுதலையே கிடைத்தது போல் இருந்தது என்று அஸ்மா பின்னாளில் நினைவுகூர்ந்தார். மணமாகிப் போன மகளின் கஷ்டத்தைப் பார்த்து, கேட்காமலேயே கொடுத்த தந்தை அவர்.

தாய்வழி உறவினர் மிஸ்தஹ் (ரலி) ஏழை முஹாஜிர். அவர் செலவுகளையும் அபூபக்ர் (ரலி) அவர்களே ஏற்றிருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது மிஸ்தஹும் அந்தப் பேச்சில் சிக்கிக்கொண்டார். தன் சோற்றைத் தின்றுகொண்டே தன் மகளின் மானத்தைப் பேசியவருக்கு இனி ஒரு காசும் தருவதில்லை என்று எந்தத் தந்தையும் சத்தியம் செய்வார். அவர்களும் செய்தார்கள். அப்போது ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விடுங்கள், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்ற கருத்தில் வந்த வசனம் அது. உடனே உதவியைத் தொடர்ந்தார்கள், இனி ஒருபோதும் நிறுத்துவதில்லை என்றும் உறுதி கொண்டார்கள். கோபத்தில் ஒரு மகனை ஒதுக்கிவிட்டு மற்றவனுக்கு மொத்தப் பணத்தையும் எழுதிக் கொடுக்கும் பெற்றோர் இந்த வசனத்தை ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்கு நிதி திரட்டியபோது உமர் (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொண்டுவந்தார்கள். அபூபக்ர் (ரலி) இருந்த அனைத்தையும் கொண்டுவந்தார்கள். ஆனால் இது எல்லாருக்கும் சொல்லப்பட்ட அளவு அல்ல. மறு ஆண்டு நபி (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜின்போது நோயுற்றுப் படுத்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி), தமக்கு ஒரே மகள்தான், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கை தர்மம் செய்துவிடவா என்று கேட்டபோது நபி (ஸல்) மறுத்தார்கள். பாதியையும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வது மேல் என்று கற்பித்தார்கள். அபூபக்ர் (ரலி) தம் இறுதி நோயில் பின்பற்றியது இந்தப் பாடத்தைத்தான்.

கலீஃபாவின் கணக்கு

நபி (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பின், ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) பொறுப்பு அவர்கள் தோளில் விழுந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் துணி மூட்டையைச் சுமந்து சந்தைக்குக் கிளம்பினார்கள். உமர், அபூஉபைதா (ரலி) இருவரும் வழிமறித்தார்கள். முஸ்லிம்களின் காரியத்தைப் பார்ப்பவர் கடையில் உட்கார முடியாது என்று சொல்லி, குடும்பத்துக்குத் தேவையான அளவு பைத்துல்மாலிலிருந்து ஊதியம் நிர்ணயித்தார்கள். கலீஃபா ஆகும் முன் ஸுன்ஹ் பகுதிப் பெண்களின் ஆடுகளுக்குப் பால் கறந்து கொடுத்து வந்தார்கள். இனி நம் ஆடுகளுக்கு யார் பால் கறப்பார் என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள். கலீஃபா ஆன பிறகும் அந்த வேலையை அவர்கள் விடவில்லை.

பொதுநிதியைப் பங்கிடும்போது முதலில் இஸ்லாத்தை ஏற்றவர், பின்னால் வந்தவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தார்கள். முந்தியவர்களுக்கு அதிகம் தர வேண்டாமா என்று கேட்டபோது, அவர்கள் முந்தியதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, இது வாழ்வாதாரம், இதில் சமமே நல்லது என்பது அவர்களின் நிலையாக இருந்தது.

சமம் என்றதும் இன்னொரு தந்தையின் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஸகீஃபாவில் அன்சாரிகளிலிருந்து முந்திக்கொண்டு அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தவர் பஷீர் பின் ஸஅத் (ரலி). அவர் நபி (ஸல்) காலத்தில் தம் மகன் நுஃமானுக்கு ஓர் அடிமையை அன்பளிப்பாகக் கொடுத்தார். நபியவர்களைச் சாட்சியாக்கினால்தான் திருப்தி என்று மகனின் தாய் அம்ரா (ரலி) சொன்னார். பஷீர் போய்க் கேட்டார். உன் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபி (ஸல்) கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் உன்னிடம் நன்றியோடு நடப்பதை நீ விரும்ப மாட்டாயா என்றும் கேட்டார்கள். பஷீர் அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மகளுக்குச் சொன்ன பேரீச்சம்பழம்

அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு மதீனாவை அடுத்த ஃகாபா பகுதியில் பேரீச்சந்தோட்டம் இருந்தது. அதிலிருந்து 20 வஸக் விளையும் மரங்களை மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அன்பளிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வஸக் என்பது 60 ஸாஃ. இருபது வஸக் என்றால் 1,200 ஸாஃ, நம் கணக்கில் இரண்டரை டன்னுக்குக் குறையாது. சிறிய அன்பளிப்பு அல்ல.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றால் ஆயிஷாவுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி எழும். அறிஞர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) கணவரை இழந்தவர். பிள்ளை இல்லை. நபியின் மனைவி என்பதால் மறுமணமும் இல்லை. தேவையைக் கருதி ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்தவர்கள் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கும் வேறு வகையில் கொடுத்திருப்பார்கள் என்று விளங்கியவர்களும் உண்டு. சமமாகக் கொடுப்பது கடமை என்பது ஹன்பலி மத்ஹபின் கருத்து. நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அது வலியுறுத்தப்பட்ட நற்செயல், காரணமின்றி ஏற்றத்தாழ்வு காட்டுவது வெறுக்கத்தக்கது. ஹயாத்தில் கொடுக்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு என்பதே இரு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்ட கருத்து.

ஹிஜ்ரி 13, ஜமாதுல் ஆகிர் மாதம். குளிர் நாளொன்றில் குளித்தபின் காய்ச்சல் கண்டது. பதினைந்து நாள் நீடித்தது. தொழ வைக்க வர முடியவில்லை, உமர் (ரலி) நின்று தொழ வைத்தார்கள். இது தம் கடைசி நோய் என்று கலீஃபாவுக்குத் தெரிந்தது. ஆயிஷாவை அழைத்தார்கள்.

எனக்குப் பின் நீ வசதியாக இருப்பதே மற்ற யாரையும்விட எனக்குப் பிரியம், நீ வறுமைப்படுவதே எனக்கு மிகவும் கடினம் என்று அன்பைச் சொல்லித் தொடங்கினார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். அந்த 20 வஸக்கை நீ பறித்துக் கைவசப்படுத்தியிருந்தால் அது உனக்குரியது. நீ எடுக்கவில்லை. இன்று அது வாரிசுகளின் சொத்து. உன் இரண்டு சகோதரர்களும் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் வேதப்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பேசினார்கள்.

இதைவிடப் பெரிய சொத்தாக இருந்தாலும் விட்டுவிடுவேன் என்றார் மகள். ஆனால் ஒரு சந்தேகம். சகோதரி அஸ்மா ஒருவர்தானே, இன்னொரு சகோதரி யார்? ஹபீபாவின் வயிற்றில் இருக்கும் குழந்தைதான், அது பெண் என்றே நினைக்கிறேன் என்றார்கள் தந்தை. அவர்கள் மறைந்தபின் ஹபீபாவுக்குப் பெண் குழந்தையே பிறந்தது. உம்மு குல்ஸூம் என்று பெயரிட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சகோதரர்களில் அப்துர் ரஹ்மான் பெரியவர். மற்றவர் முஹம்மத், மூன்று வயது நிரம்பாத குழந்தை. ஒரு சகோதரி இன்னும் பிறக்கவே இல்லை. அந்த 20 வஸக் ஆயிஷாவுக்கே போயிருந்தால் தட்டிக் கேட்க அந்தக் குழந்தைக்கு வாய் இல்லை, வயிற்றில் இருந்தவளுக்கு உயிர் மட்டுமே இருந்தது. வாய் இல்லாதவர்களின் பங்கை, தாம் மிகவும் நேசித்த மகளின் கையிலிருந்து தந்தையே திரும்ப எடுத்து வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தந்தைக்கு ஆறில் ஒன்று, இரு மனைவியருக்குமாக எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்று போகும். வஸிய்யத் போக எஞ்சியதில் ஆயிஷாவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. முழுவதுமாகச் சொல்லப்பட்ட தோட்டம் அந்த அளவுக்குச் சுருங்கியது. அவர் முகம் சுளிக்கவில்லை.

பொதுச் சொத்தின் கணக்கும் அப்படியே முடிந்தது. கலீஃபா ஆனபின் வீட்டில் கூடியவற்றை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். இருந்தவை ஒரு பணியாள், தண்ணீர் இறைக்கும் ஒட்டகம், பழைய போர்வை. வாங்கிய ஊதியத்துக்கு ஈடாகத் தம் நிலத்தை விற்றுக் கொடுக்கவும் சொன்னார்கள். அவற்றைப் பார்த்து அழுத உமர் (ரலி), தமக்குப் பின் வருபவர்களுக்கு அபூபக்ர் பெரும் சிரமத்தை வைத்துவிட்டார் என்றார்கள். வஸிய்யத்துக்கு மூன்றில் ஒன்று வரை அனுமதி இருந்தும் ஐந்தில் ஒன்றோடு நிறுத்தினார்கள். கஃபனுக்குப் புதுத்துணி வேண்டாம், உடுத்தியிருந்ததைத் துவைத்து உடுத்துங்கள், புதியது உயிரோடு இருப்பவருக்கே தேவை என்றார்கள். ஜமாதுல் ஆகிர் 22, செவ்வாய் இரவு, 63ஆம் வயதில் உயிர் பிரிந்தது.

மக்காவில் இருந்த வயோதிகத் தந்தை அபூகுஹாஃபா (ரலி) மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தை ஏற்றிருந்தார். மகனின் சொத்தில் ஆறில் ஒரு பங்கு அவருக்கு வந்தது. அதை அவர் பேரப்பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு காலத்தில் மாடத்துக் கற்களைத் தடவிப் பேத்திகளின் பசியை நினைத்துக் கவலைப்பட்ட அதே கை. சில மாதங்களில், தம் 97ஆம் வயதில் அவரும் மறைந்தார். தம் பங்கு எவ்வளவு என்று உறுதியானபின், மனமுவந்து, கையில் கொடுத்த ஹிபா அது.

நமக்கு

உமர் (ரலி) தம் ஆட்சியில் இதைச் சட்டமாகவே அறிவித்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லித் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள், பிள்ளை இறந்தால் இது என் சொத்து என்கிறார்கள், தாங்கள் இறக்கப் போகும்போது இது மகனுக்குக் கொடுத்தது என்கிறார்கள் என்று கண்டித்து, கைவசப்படுத்தப்படாத அன்பளிப்பு செல்லாது என்றார்கள். விவரம் அறியாச் சிறுபிள்ளைக்குத் தந்தை கொடுத்தால், சாட்சியோடு அறிவித்து, பிள்ளையின் சார்பில் தந்தையே வைத்திருப்பது போதும் என்பது உஸ்மான் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இந்திய நீதிமன்றங்களும் முஸ்லிம்களின் ஹிபாவுக்கு இதே மூன்றையே கேட்கின்றன: கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, பொருள் கைமாறுதல். வாய்மொழி ஹிபாவும் இம்மூன்றும் இருந்தால் செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

ஆகவே கொடுப்பதானால் நல்ல உடல்நிலையில் கொடுங்கள். மரண நோயில் கொடுப்பது வஸிய்யத்தின் சட்டத்துக்குள் போய்விடும், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு அது சேராது. பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடுங்கள், அந்தக் கணக்கை அவரே இயக்கட்டும். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுப்பதால் வங்கி வழியே பாதுகாப்பு. உங்கள் வைப்புத்தொகைக்கு ஒரு மகனை நாமினி போட்டால் கொடுத்ததாக ஆகாது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே. ஒரு பிள்ளைக்குக் கூடுதல் கொடுக்க நியாயமான காரணம் இருந்தால், மற்றப் பிள்ளைகளை உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள். கடனாகக் கொடுத்தால் கடன் என்றும், அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்றும் எழுதி வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, சொல்லி வைத்துக் கொடுக்காமல் விட்டது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று இன்று இரவே கணக்குப் பாருங்கள். இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். கையில் ஒப்படையுங்கள், அல்லது அபூபக்ர் (ரலி) போல அந்தப் பிள்ளையை அழைத்து, அது எல்லாருடைய பங்கு என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும் வாய்ப்பு நம் மவ்த்துக்குப் பின் கிடைக்காது.

நம் பிள்ளைகளின் உள்ளங்களை ஒன்றாக வைத்து, அவர்களின் உரிமைகளில் நீதியாக நடக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.